நானோ தோற்ற கதையும் நம் தலையில் விழுந்த பழியும்

மோசமான கார் எது என்ற பேச்சு எழுந்தால் நம் நாட்டில் முதலில் அடிபடுகிற பெயர் டாடா நானோ. கார் விமர்சகர்கள், வணிகப் பத்திரிகைக்காரர்கள், மேலாண்மைப் பாடம் நடத்துகிறவர்கள், டீக்கடை பெஞ்சில் இருக்கிற நம் மாமன் மச்சான்கள் என்று எல்லாருக்கும் இதில் ஒரே குரல். தகர டப்பா, தீப்பிடிக்கிற வண்டி, கதவு வைத்த ஆட்டோ. இதோடு நிறுத்தியிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அது ஏன் தோற்றது என்பதற்கும் ஒரு விளக்கத்தைக் கையோடு வைத்திருக்கிறார்கள். இந்தியன் மலிவான காரை வாங்க மாட்டானாம். கார் அவனுக்குக் கௌரவமாம். ஏழையின் கார் என்று பெயரெடுத்த வண்டியிலிருந்து இறங்க அவனுக்குக் கூச்சமாம். கேட்பதற்குப் புத்திசாலித்தனமாக இருப்பதால் இந்த விளக்கம் யாரும் கேள்வி கேட்காமலே நிலைத்துவிட்டது.

இரண்டும் தவறு. முதலாவது ஒரு காருக்கு இழைத்த அநியாயம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, அந்தக் காருக்காகக் காத்திருந்த குடும்பங்களின் மேல் போட்ட பழி. அதைப் பொறுக்க முடியவில்லை.

நான் இளையரசனேந்தல்காரன். முன்பு சங்கரன்கோவில் வட்டம், பிறகு கோவில்பட்டி வட்டம். வருவாய்க் கணக்குக்குக் கோவில்பட்டி, ஒன்றியக் கணக்குக்குக் குருவிகுளம் என்று பல ஆண்டுகள் இரண்டு பக்கமும் இழுபட்ட பிர்கா இது. பட்டாவுக்கு ஒரு திசை, ஊராட்சிக் காரியத்துக்கு இன்னொரு திசை. ஆஸ்பத்திரி, காலேஜ், ரயில், விதைக்கடை எல்லாம் கோவில்பட்டியில். நிலம் மானாவாரிக் கரிசல். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பி நிற்பவை. பெண்களில் பலருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. இங்கே ஒரு குடும்பத்துக்கு வண்டி என்பது பெரும்பாலும் ஒரு பைக். டேங்க் மேல் சின்னவன், ஓட்டுகிற அப்பன், நடுவில் பெரியவள், கடைசியில் ஒருக்களித்து உட்கார்ந்து மடியில் பையை இடுக்கிய அம்மா. ஐப்பசி மழையில் இந்த நாலு பேரும் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு போவார்கள். வயலுக்கு இறங்குகிற வண்டிப்பாதையில் திரும்பும்போது கரிசல் சகதி டயருக்கும் மட்காடுக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். எல்லாரும் இறங்கி, குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும்.

இப்படி மழையில் ஸ்கூட்டரில் போன ஒரு குடும்பத்தைப் பார்த்ததிலிருந்துதான் அந்தக் காரின் எண்ணம் பிறந்தது என்று ரத்தன் டாடா பல தடவை சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரி 10இல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் நானோவை அவர் மேடையேற்றினார். லட்ச ரூபாய்க்குத் தருவேன் என்று சொல்லியிருந்ததால், இடையில் இரும்பு விலை ஏறிவிட்டபோதும் சொன்ன சொல் சொன்னதுதான் என்றார்.

வண்டியைத் திட்டுகிறவர்களில் பலர் அதன் உள்ளமைப்பைக் கவனித்துப் பார்த்ததில்லை. நீளம் 3.1 மீட்டர், மாருதி 800ஐவிடக் குட்டை. ஆனால் உள்ளே இடம் அதைவிட அதிகம். இரண்டு சிலிண்டர் 624 சிசி இஞ்சினைப் பின்சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, சக்கரங்களை நாலு மூலைக்குத் தள்ளி, கூரையை உயர்த்தியதால் கிடைத்த இடம் அது. தலைப்பாகை கட்டியவரும் தலை இடிக்காமல் உட்காரலாம். எடை சுமார் 600 கிலோ. தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரம் என்பதால் எங்கள் ஊர் வேகத்தடைகளில் அடி தட்டாது. நாலு மீட்டர் ஆரத்தில் வட்டமடிக்கும். இரண்டு பக்கமும் திண்ணை வைத்த தெருவில்கூடத் திருப்பிவிடலாம். ஒரு லிட்டருக்கு 23 கிலோமீட்டருக்கு மேல் என்பது அரசுச் சோதனை தந்த கணக்கு. காசை மிச்சம் பிடித்த இடங்களும் கண்ணுக்குத் தெரியும். துடைப்பான் ஒன்றுதான், சக்கரத்துக்கு மூன்றே போல்ட், அடிப்படை மாடலில் பக்கக் கண்ணாடி ஓட்டுநர் பக்கம் மட்டும். பெட்ரோல் ஊற்றுகிற வாய் முன் பானெட்டுக்குள் இருக்கும். பங்க்கில் பையன் குழாயைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். ஓட்டுகிறவர் இறங்கிப் பானெட்டைத் தூக்கிக் காட்டுவார்.

சித்தப்பா மகன் ஒருவர் செகண்ட் ஹேண்டில் நானோ வாங்கினார். உளுந்து மூட்டையைப் பின்சீட்டை மடக்கிப் போட்டு ஏற்றுவார். அந்த வண்டியில்தான் எங்கள் பெரியம்மாவைக் கண் ஆபரேஷனுக்குத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம். கதவு அகலம், சீட் உயரம். முட்டிவலிக்காரி யார் தோளையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார். தரையோடு தரையாகச் சீட் வைத்த விலையுயர்ந்த கார்களில் அவரை இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

குறைகளை மூடி மறைக்க நான் வரவில்லை. முதல் மாடலில் டிக்கியை வெளியிலிருந்து திறக்க முடியாது. அந்தக் கதவு 2015இல்தான் வந்தது. ஆறு வருஷம் தாமதம். பெட்ரோல் டேங்க் 15 லிட்டர்தான் பிடித்தது. 2009, 2010இல் சில வண்டிகள் தீப்பிடித்தன. 2010 நவம்பரில் கம்பெனி புகைபோக்கிக்கும் மின்கம்பிகளுக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. ஆனால் அதைத் திரும்ப அழைப்பு என்று சொல்ல மறுத்தது. அப்படி மறுத்தது தவறு. எரிகிற காரின் படத்தைப் பார்த்தவனிடம் வார்த்தையில் கணக்குப் பார்த்தால் அவனுக்குச் சந்தேகம்தான் கூடும். இதே காலத்தில் உலகம் முழுக்க எத்தனையோ பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. அதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்காவில் ஃபோர்டு பின்ட்டோ, பின்னால் மோதினால் டேங்க் எரிகிறது என்ற புகாரில் 1978இல் 15 லட்சம் வண்டிகளோடு திரும்ப அழைக்கப்பட்டது. ஃபோர்டு அதற்குப் பிறகும் பிழைத்தது. ஒளிவுமறைவில்லாமல் செய்திருந்தால் நானோவும் பிழைத்திருக்கும்.

அடுத்தது பாதுகாப்பு நட்சத்திரம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதிப் பார்த்து நானோவுக்குப் பூஜ்யம் கொடுத்தது. நானோவைச் சவப்பெட்டி என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அன்று மோதிப் பார்த்தது ஐந்து கார்களை. மாருதி ஆல்டோ 800, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ, நானோ. காற்றுப்பை இல்லாத மாடல்களில் ஐந்துக்கும் பூஜ்யம். ஃபிகோ, போலோ இரண்டின் கூடு நிலைகுலையவில்லை என்பது உண்மை. அந்தப் பெருமையை அவற்றுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் ஆல்டோவின் கூடும் ஐ10இன் கூடும் நானோவைப் போலவே தாங்கவில்லை. ஆல்டோ அப்போது நாட்டிலேயே அதிகம் விற்ற கார், அதற்குப் பிறகும் சில வருஷம் அதுதான். அதை யாரும் உலகின் மோசமான கார் என்று சொல்லவில்லை. பூஜ்யம் குற்றமென்றால் ஐந்து பேருக்கும் ஒரே தண்டனைதானே கொடுக்க வேண்டும்? இன்னொன்று. நானோவுக்கு வரவிருந்த குடும்பம் விட்டுவிட்டு வரவிருந்தது போலோவை அல்ல, பைக்கை. நாலு பேர் ஏறிய பைக்குக்கு எத்தனை நட்சத்திரம் என்று எந்தச் சோதனைக்கூடமும் பார்த்ததில்லை. கோவில்பட்டிச் சாலையில் மக்காச்சோள லாரிக்குப் பக்கத்தில் அந்தப் பைக் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்குச் சோதனைக்கூடம் தேவையில்லை.

கௌரவக் கதைக்கு வருகிறேன்.

2009 மார்ச் 23இல் நானோ விற்பனைக்கு வந்தது. ஏப்ரலில் இரண்டு வாரத்துக்குச் சற்றே கூடுதலாகப் பதிவு திறந்திருந்தது. அதற்குள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள், ஏறக்குறைய 2,500 கோடி ரூபாய். ஓட்டிப் பார்க்காத, ரோட்டில் இன்னும் ஓடாத ஒரு வண்டிக்கு! கூச்சப்படுகிறவன் செய்கிற காரியமா இது? பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் ஏசி வைத்த உயர்ந்த மாடலைக் கேட்டார்களே, அது கௌரவம்தானே என்று மடக்குவார்கள். சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

மலிவான வண்டி என்றால் நம் ஆட்கள் ஒதுங்குவார்கள் என்பதற்கு மறுப்பு எங்கள் ஒவ்வொரு தெருவிலும் நிற்கிறது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அன்று கிடைத்த மிக மலிவான, மிக எளிய மோட்டார் வண்டிகளில் அதுவும் ஒன்று. ஆசிரியர் அதில்தான் பள்ளிக்கூடம் போனார், பால்காரர் அதில்தான் கேன் கட்டினார், எங்கள் ஊரில் அதில் ஏற்றாத மூட்டை இல்லை. அதன் வழிவந்த எக்ஸெல் இன்றைக்கும் ஓடுகிறது. டிவிஎஸ் 50 வைத்திருந்ததால் ஒருவருக்குப் பெண் கிடைக்கவில்லை என்று நான் கேள்விப்பட்டதில்லை. கேட்ட இடத்தில் கிடைத்தது, பழுதானால் தெருமுனையில் சரிசெய்தார்கள், தவணையில் கொடுத்தார்கள். மலிவு வண்டியும் மரியாதையாக விற்கும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

நானோவுக்கு நடந்தது வேறு. மேற்கு வங்கத்துச் சிங்கூரில் 997 ஏக்கரில் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள். 2008 அக்டோபர் தொடக்கத்தில் டாடா அங்கிருந்து வெளியேறி குஜராத்தின் சனந்துக்குப் போனது. நிலத்தை விட மனமில்லாத சம்சாரியின் பக்கம்தான் நான். 2016இல் உச்ச நீதிமன்றமும் அந்தக் கையகப்படுத்தலைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதன் விளைவு இங்கே பணம் கட்டிய குடும்பத்தின் தலையில் விழுந்தது. சனந்துத் தொழிற்சாலை திறந்தது 2010 ஜூனில். அதுவரை பந்த்நகரில் இருந்த டாடா தொழிற்சாலையிலிருந்து சொற்ப வண்டிகளே வந்தன. முதல் ஒரு லட்சம் பேரைக் குலுக்கலில் எடுத்தார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தைத் திரும்ப வாங்கினார்கள். ஆர்வம் சூடாக இருந்தபோது கொடுக்க வண்டி இல்லை. வண்டி வந்து குவிந்தபோது தீப்பிடித்த செய்தி முன்னால் வந்து நின்றது.

2010 நவம்பரில் நாடு முழுக்க விற்ற நானோ 509. கௌரவக் கதை சொல்கிறவர்கள் எப்போதும் காட்டுகிற எண் இது. அடுத்த மாதத்து எண்ணைக் காட்ட மாட்டார்கள். டிசம்பரில் கம்பெனி உத்தரவாதக் காலத்தை நாலு வருஷமாக நீட்டியது, கடன் ஏற்பாட்டை எளிதாக்கியது. விற்பனை ஐயாயிரத்தைத் தாண்டியது. முப்பது நாளில் ஒரு தேசத்தின் மனோபாவமா மாறிவிட்டது? கடன் கிடைத்தது, பயம் குறைந்தது, வாங்கினார்கள். 2011-12இல் 74,527 வண்டிகள் விற்றன. சம்பளச் சீட்டு இல்லாத, மழையைப் பொறுத்து வருமானம் வருகிற சம்சாரிக்கு இந்த நாட்டில் கார்க் கடன் எவ்வளவு சிரமம் என்பதை, நானோ தோல்வியை ஆராய்ந்தவர்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

விலையைப் பாருங்கள். லட்சத்தில் தொடங்கிய கார் 2015இல் புது அவதாரம் எடுத்தபோது டெல்லி ஷோரூமில் 1.99 லட்சம். பவர் ஸ்டீயரிங், தானியங்கி கியர், இளைஞர்களைக் கவரும் வண்ணங்கள் எல்லாம் வந்தன; பைக்கிலிருந்து இறங்க நினைத்த குடும்பம் விளம்பரத்திலிருந்தே மறைந்துபோனது. இதற்கு நேர்மாறாகப் போன கார் ஒன்று உண்டு. ஃபோர்டு மாடல் டி 1908இல் 850 டாலருக்கு வந்தது. வருஷா வருஷம் விலை இறங்கி 1920களின் நடுவில் 260 டாலருக்கு நின்றது. ஒன்றரைக் கோடி விற்றது. மக்கள் கார் என்பது காலம் போகப் போக மலிவாக வேண்டும். நானோ காலம் போகப் போக விலையேறி, தன்னை நம்பியவர்களிடமிருந்தே விலகிப் போனது.

அந்த மாடல் டி காரையும் 2007இல் அமெரிக்காவின் டைம் பத்திரிகை வெளியிட்ட உலகின் 50 மோசமான கார்கள் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குச் சொன்ன காரணம்தான் என்னை யோசிக்க வைத்தது. அமெரிக்கர்கள் எல்லாரையும் சக்கரத்தில் ஏற்றி, இன்றைய பிரச்சினைகளுக்கு வழிவகுத்ததாம். சாதாரண மனிதனுக்குக் கார் கொடுத்தது குற்றம்! நானோ அறிவிக்கப்பட்ட காலத்திலும் இதே குரல் இங்கே கேட்டது. பருவநிலை மாற்றத்துக்கான சர்வதேசக் குழுவின் தலைவராக இருந்த ஆர்.கே. பச்சௌரி, இந்தக் காரை நினைத்தால் கெட்ட கனவு வருகிறது என்ற பொருளில் பேசினார். சாலை தாங்காது, காற்று தாங்காது என்றார்கள். லிட்டருக்கு ஏழு எட்டுக் கிலோமீட்டர் ஓடுகிற பெரிய வண்டிகள் அன்றைக்கும் பெருகிக்கொண்டுதான் இருந்தன. இவ்வளவு பெரிய கவலை அவற்றைப் பற்றி எழவில்லை. பைக்கில் போகிறவன் கார் வாங்கப் போகிறான் என்றதும்தான் சாலையின் அகலம் நினைவுக்கு வந்தது.

ஏமாற்றம் தந்த கார் என்று ஒன்றுக்குப் பட்டம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எல்லாரும் கொண்டாடுகிற அம்பாசிடருக்குக் கொடுப்பேன். எங்கள் ஊரில் பிளசர் கார் என்றால் வெகுகாலம் அதுதான். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோவில்பட்டியிலிருந்து வாடகைக்கு வரும். எட்டுப் பேர் ஏறுவோம். உழைப்பாளி வண்டி, அதை மறுக்கவில்லை. 2013இல் பிரிட்டிஷ் டாப் கியர் நிகழ்ச்சி அதையே உலகின் சிறந்த டாக்ஸி என்றது. ஆனால் 1950களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை எடுத்து, 2014 மே வரைக்கும் பெரிய மாற்றமில்லாமல் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. லைசென்ஸ் வேலி காப்பாற்றியது. போட்டிக்கு ஆள் கிடையாது. பணம் கட்டியவன் வருஷக்கணக்கில் காத்திருந்தான். நல்ல காரைச் செய்யக் கையில் அரை நூற்றாண்டு இருந்தும் செய்யவில்லை. மாருதி 800 வந்த 1983 டிசம்பருக்குப் பிறகுதான், கார் என்றால் இப்படியும் இருக்கலாம் என்று நாட்டுக்குத் தெரிந்தது.

தமிழ்நாட்டுக்காரர்கள் நாம் நம் சொந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். சென்னையை ஒட்டி வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1960களில் ஹெரால்டு என்ற அழகான காரைத் தந்தது. 1985இல் அதே கம்பெனி ஸ்டாண்டர்ட் 2000 கொண்டுவந்தது. பிரிட்டனின் ரோவர் எஸ்டி1இன் உடல், 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பெயர் வாங்கிய உடல். அதற்குள் வைத்தது 1940களின் வேன்கார்டு வழிவந்த 1,991 சிசி இஞ்சின். பெட்ரோலைக் குடித்தது, வேகம் வரவில்லை, விலையோ பணக்காரர்களுக்கானது. 1988இல் உற்பத்தி நின்றது, கம்பெனியும் எழவில்லை. கையில் இருந்த நல்ல பொருளுக்குள் பழசைத் திணித்து விற்றது ஸ்டாண்டர்ட் 2000. நானோவில் ஒவ்வொரு உறுப்பையும் இது எதற்கு, இதைவிடக் குறைவாக முடியாதா என்று கேட்டு இந்திய இன்ஜினியர்கள் புதிதாக வரைந்தார்கள். இரண்டையும் தோல்வி என்ற ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

மலிவான கார் என்ற முத்திரைதான் நானோவைக் கெடுத்தது என்று பிற்பாடு ரத்தன் டாடாவே வருத்தப்பட்டார். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இதில் மட்டும் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. முத்திரையைச் சொல்வது எளிது. குலுக்கல், தாமதம், தீயை ஒத்துக்கொள்ளாத தயக்கம், ஏறிய விலை, கிராமத்துக்கு வராத ஷோரூம் இவற்றுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். முத்திரை என்று சொல்லிவிட்டால் பழி வாங்குகிறவன் பக்கம் போய்விடுகிறது.

2018 ஜூனில் சனந்தில் ஒரே ஒரு நானோ தயாரானது. அதோடு கதை முடிந்த மாதிரிதான். ஏறக்குறைய 3 லட்சம் வண்டிகள் விற்றிருந்தன. இன்று அதே தொழிற்சாலையிலிருந்து டியாகோவும் டிகோரும் வருகின்றன. 3 லட்சம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு போனால் நாலு பேர் உட்காரும் புதுப் பெட்ரோல் கார் எந்த ஷோரூமிலும் கிடையாது. ஆனால் பழைய நானோ விற்பனைக்கு வந்தால் எங்கள் பக்கம் நாள் கணக்கில் நிற்பதில்லை. வாங்குகிறவர்கள் முதலில் பின்சீட்டை மடக்கி மூடியைக் கழற்றி இஞ்சினைப் பார்க்கிறார்கள், ஆர்.சி. புக்கில் எத்தனையாவது கை என்று பார்க்கிறார்கள், மெக்கானிக்கை ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்கிறார்கள். இது மலிவான கார் ஆயிற்றே, ஊரில் என்ன நினைப்பார்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. உதிரிபாகம் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள்.